இதைச் சொல்வது யார்?

கட்டுரை திரும்பி வந்தபோது அதன் ஓரம் முழுக்கப் பச்சை மையில் ஒரே கேள்வி. முதல் பக்கத்தில், "இதைச் சொல்வது யார்?" இரண்டாம் பக்கத்திலும் அதே, "இதைச் சொல்வது யார்?" மூன்றாம் பக்கத்தில் கேள்விகூட இல்லை, கேள்விக்குறி மட்டும். நாலாம் பக்கத்தில் கேள்விக்குறிக்குத் துணையாக ஓர் ஆச்சரியக்குறி வேறு. எனக்கு வந்ததே கோபம். பகலெல்லாம் கோர்ட்டில் தொண்டை வறளப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் ஒரு மூலையைப் பிடித்து, தடிமன் தடிமனாகப் புத்தகம் படித்து, ஒரு வரி விடாமல் புரிந்துகொண்டு எழுதிய கட்டுரை அது. படித்ததைத் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று ஓர் இடத்தைக் காட்டட்டும் பார்க்கலாம். அதை விட்டுவிட்டு, யார் சொல்வதாம்.

மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் மதிப்பெண் இல்லை. "என்னை வந்து பார்க்கவும்" என்று மட்டும் இருந்தது.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். கோர்ட்டு பேசுகிற மொழி ஒன்று, எங்கள் ஜனங்கள் பேசுகிற மொழி வேறு. கூண்டில் நிற்கிறவருக்கும் நீதிபதிக்கும் நடுவில் நின்று, அங்கே சொல்வதை இங்கேயும் இங்கே சொல்வதை அங்கேயும் கொண்டு சேர்ப்பது என் பிழைப்பு. இந்த வேலையின் முதல் விதியே, "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது என்பதுதான். கூண்டில் இருப்பவர் "நான் எடுக்கல" என்றால் நானும் "நான் எடுக்கவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு தடவை, "அவர் எடுக்கவில்லை என்கிறார்" என்று சொல்லிவிட்டு நீதிபதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அம்மா, நீங்க இங்க இல்ல, அவர்தான் இருக்கார்" என்றார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு இந்த வாயால் நான் கடை உடைத்திருக்கிறேன், குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருக்கிறேன், காலையில் தாடி வைத்த ஓர் ஆளாக மனைவியைத் திட்டிவிட்டு மத்தியானம் அந்த மனைவியாகவே அதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறேன். யாரும் குழம்பியதில்லை. குரல் என்னுடையது, பேச்சு அவர்களுடையது என்பது அந்த அறையின் மேசை நாற்காலிக்குக்கூடத் தெரியும்.

கட்டுரையிலும் அதைத்தான் செய்திருந்தேன். தனக்குத் தெரியாத மொழியில் விசாரிக்கப்படுகிறவருக்கு நியாயம் கிடைக்குமா என்பது நானே தேர்ந்தெடுத்த தலைப்பு. அதைப் பற்றிப் பெரியவர்கள் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்று பேரையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பேச வைத்தேன். இரண்டாம் பக்கத்தில், "நியாயம் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை." மூன்றாம் பக்கத்தில், "கிடைக்கவே கிடைக்காது, கிடைக்கும் என்பவர்களை நான் வன்மையாக மறுக்கிறேன்." நாலாம் பக்கத்தில், "இரு தரப்பாரும் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை." ஆள் மாறும்போது பத்தி மாற்றியிருந்தேன். புத்தகங்களின் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த வயதில் எனக்குப் படிப்பின் மேல் ஒன்றும் மோகம் வந்துவிடவில்லை. பட்டம் இல்லாத மொழிபெயர்ப்பாளர்களை அடுத்த வருடத்திலிருந்து கோர்ட்டில் கூப்பிட மாட்டார்களாம், புது உத்தரவு. இருபது வருடம் பேசிய வாய்க்கு இப்போது சான்றிதழ் வேண்டும். சரி போ என்று பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். மற்றப் பாடமெல்லாம் பரீட்சை, கேட்டதற்குப் பதில் எழுதினால் முடிந்தது. கடைசியாக மிஞ்சியது இந்தத் தன்னாய்வுக் கட்டுரை. தலைப்பு நீங்களே, புத்தகம் நீங்களே தேட வேண்டும், யாரும் கையைப் பிடித்து எழுத வைக்க மாட்டார்கள். இதில் தேறினால் பட்டம். பட்டம் வந்தால் வேலை. இல்லாவிட்டால் இருபது வருடத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

விரிவுரையாளர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். அவர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் கதவைத் திறக்க முடியாது. கணினித் திரை கொஞ்சம் உயரமாக இருக்கட்டும் என்று அதற்கு அடியில் பழைய கட்டுரைகளை அடுக்கி வைத்திருந்தார். என் கட்டுரையும் கடைசியில் அங்கேதான் போகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"உக்காருங்க. கோவமா இருக்கீங்கன்னு தெரியுது" என்றார்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன், கோபமாக.

"ரெண்டாம் பக்கத்துல 'எனக்குச் சந்தேகமே இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்குச் சந்தேகம் இல்லையா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? அவருக்கு இல்ல."

"அடுத்த பக்கத்துல வன்மையா மறுக்கறது?"

"அது இன்னொருத்தர்."

அவர் என்னையே பார்த்தார். நான் என் வேலையின் விதியை எடுத்துச் சொன்னேன். பாதியிலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு அடக்க முடியாமல் சிரித்தும்விட்டார். எனக்குக்கூடச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எனக்குப் புரியுது. ஆனா இங்க உள்ள விதிப்படி, அடுத்தவங்க சொன்னத நம்ம சொன்னதா எழுதினா அது திருட்டு. பக்கம் பக்கமா இருக்கு. பார்த்துட்டு நான் சும்மா இருக்க முடியாது. விசாரணைக் குழுவுக்கு எழுதிட்டேன்."

திருட்டுக் குற்றச்சாட்டு எனக்குப் புதிதில்லை. அடுத்தவர்களுக்காக எத்தனை தடவை மறுத்திருப்பேன், மூச்சு விடாமல் மறுத்திருக்கிறேன். எனக்காக மறுக்க வேண்டி வந்ததும் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

"குழு அடுத்த மாசக் கடைசியில கூடுது. புதுசா ஒரு கட்டுரை எழுதிட்டு வாங்க. அத வச்சுக் கேள்வி கேப்பாங்க. நீங்க எழுதினதுதான்னு அவங்க நம்பினா விட்டுடுவாங்க."

"நம்பலைன்னா?"

"உங்க படிப்புப் பதிவை ரத்து பண்ணிடுவாங்க."

அப்படியானால் என் வேலை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு என்ன ஆகப் போகிறது.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீளவாக்கில் மடித்தார். "இடது பக்கம், புத்தகம் என்ன சொல்லுதுன்னு எழுதுங்க. யார் சொன்னது, எத்தனாவது பக்கம், எல்லாம். வலது பக்கம், அதுக்கு நீங்க என்ன சொல்றீங்கன்னு எழுதுங்க. வலது பக்கம் நிறையற வரைக்கும் கட்டுரைய ஆரம்பிக்காதீங்க."

"நான் என்ன சொல்றது? நான் படிச்சவளா?"

"மூணு பேரும் உங்க கட்டுரையில நல்லாப் பேசறாங்க. உங்களைத்தான் காணோம்" என்று தாளை என் கையில் கொடுத்தார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவருடைய தங்கை, என் நாத்தனார், தொலைபேசிக் கம்பெனியில் புகார் கேட்கிற வேலையில் இருக்கிறாள். பகல் முழுக்க யார் யாரோ காதில் திட்ட, "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்" என்று சொல்லிச் சொல்லி, விழுங்கியதையெல்லாம் வீட்டில் வந்து கொட்டுவாள். உலகத்தில் அவளுக்குக் கருத்து இல்லாத விஷயம் கிடையாது. ஆதாரம் கேட்டால் மட்டும் கோபம் வரும்.

ஒரு வாரம் கழித்து அவள் சாப்பாட்டு மேசையைத் துடைக்க வந்தாள். என் தாள்கள் பரப்பியிருந்தன. எல்லாவற்றிலும் இடது பக்கம் எறும்பு ஊர்வது போல நெருக்கி எழுதியிருந்தேன். வலது பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"என்ன அண்ணி, பாதிப் பேப்பர வீணாக்கி வச்சிருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உங்ககிட்டப் போய்க் கருத்துக் கேட்டாங்களா? நல்ல ஆளாப் பார்த்துப் பிடிச்சாங்க."

"ஏன், எனக்கு என்ன?"

"போன மாசம் திரைச்சீலை வாங்கறப்ப எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. நீங்க என்ன பண்ணீங்க? அவர் சொன்னத எங்கிட்ட, நான் சொன்னத அவர்கிட்ட, ஒரு எழுத்து மாறாம கொண்டுவந்து கொடுத்துக்கிட்டே இருந்தீங்க. உங்களுக்கு நீலம் பிடிக்குமா பச்சை பிடிக்குமான்னு இன்னி வரைக்கும் இந்த வீட்ல யாருக்காவது தெரியுமா?"

உள்ளேயிருந்து என் கணவர், "அவளுக்கு நீலம் பிடிக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

"பாத்தீங்களா, கட்டின புருஷனுக்கே தெரியல" என்றாள் நாத்தனார்.

எனக்கு நீலம்தான் பிடிக்கும். அன்றைக்கும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் மனசு சுருக்கென்றது. கோர்ட்டில் இல்லாமல் இருப்பது என் வேலை. வீட்டிலும் நான் இல்லாமலேயே இத்தனை நாள் காலம் தள்ளியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் விடவில்லை. முதல் தாளை எடுத்து இடது பக்கத்தைப் படித்தாள். "சரி, நான்தான் இந்த ஆளுன்னு வச்சுக்கங்க. மொழிபெயர்ப்பு சரியா இருந்தா நியாயம் கிடைச்சிடும்ங்கறேன். இல்லன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"சொல்லலாம். இந்த ரெண்டாவது ஆளு சொல்றாரு..."

"ரெண்டாவது ஆளு இங்க இல்ல. நீங்கதான் இருக்கீங்க."

"எனக்கு ஒண்ணும் தோணல."

"அப்ப நியாயம் கிடைக்குதுன்னு ஒத்துக்கறீங்க. ஒருவேளை கிடைக்காமப் போச்சுன்னா, அது நீங்க ஒழுங்காச் சொல்லாததாலதான். வேற என்ன?"

வேண்டுமென்றே கிண்டுகிறாள் என்று தெரியும். தெரிந்தும் சுர்ரென்று ஏறியது. "வாய் இருக்குன்னு பேசாத. ஒரு வார்த்தை நான் மாத்திச் சொன்னதில்ல. ஒழுங்காத்தான் சொன்னேன்."

"ஒழுங்காச் சொன்னா அப்புறம் என்ன குறை?"

"அவங்க முடிக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குத் தெரிந்தது. நாத்தனார் தோளிலிருந்த துணியை எடுத்து மேசையில் வைத்தாள். மெதுவாக அவளுக்கு விளக்கினேன். ஒரு பேச்சுக்கு, வக்கீல் கேட்கிறார், பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போனாயா என்று. கூண்டில் நிற்கிற பெண் ஆமாம் என்கிறாள். சொல்லிவிட்டு மூச்சு இழுக்கிறாள், ஏனென்றால் அதற்கு மேல் சொல்ல இருக்கிறது. ஆனால் அவள் மூச்சு இழுக்கிற நேரத்தில் நான் அந்த ஆமாமை அந்தப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன். அது போய்ச் சேர்ந்ததும் வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். இப்போது அதை இவளிடம் கொண்டுவர வேண்டும். இழுத்த மூச்சு அப்படியே உள்ளே போய்விடுகிறது. மொழி தெரிந்தவளாக இருந்தால் குறுக்கே பேசியிருப்பாள், சண்டை போட்டிருப்பாள். இவள் நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தே தோற்கிறாள். அவளுக்கு இன்னும் சொல்ல இருக்கிறது என்று எனக்குத் தெரியும், முகத்துக்கு எதிரில்தான் நிற்கிறேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

"இத எழுதுங்க அண்ணி."

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

"அதத்தானே கேக்கறாங்க, மக்கு" என்றாள். அண்ணியை மக்கு என்று சொல்கிற நாத்தனார் எத்தனை வீட்டில் இருப்பாள் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் நான் நின்ற வழக்கு எதையும் எழுத முடியாது. அங்கே கேட்டது எதுவும் என் வாயிலிருந்து வெளியே வரக் கூடாது. அதனால் எனக்கு வேலை இல்லாத நாட்களில் அதே கோர்ட்டுக்குப் போய், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் மொழி பேசுகிற சாட்சி யாராவது வாயைத் திறந்து, பேச முடியாமல் மூடினால் பென்சிலால் ஒரு கோடு. வேறு வேலை இல்லை. இத்தனை வருடம் நின்ற அறையை முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தேன். கிடங்கில் வேலை செய்கிற ஓர் ஆளை, "இந்தத் தாள்ல கையெழுத்து போட்டது நீங்கதானே" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி ஒரு விரலைத் தூக்கினார். வக்கீல் பக்கத்தைப் புரட்டிவிட்டார். தூக்கிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் காதைச் சொறிந்துகொண்டார். நான் ஒரு கோடு போட்டேன்.

அன்றைக்கு மொழிபெயர்த்தவர் என்னோடு வேலை செய்கிறவர். நேரம் தவறாதவர் என்பதால் நாங்கள் கடிகாரம் என்று கூப்பிடுவோம். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு நேரே என்னிடம் வந்தார்.

"எம்மேல கணக்கெடுக்கறீங்களாம்?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம் எதுக்குக் கோடு?"

"ஒரு தப்பும் இல்லாமலே இது நடக்குதே, அதுக்கு."

அவர் கொஞ்ச நேரம் தேநீரை ஆற்றினார். "எனக்கும் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "என் கருத்தில்" என்று எழுதியதும் பிறத்தியார் வீட்டு அலமாரியைத் திறந்த மாதிரி இருந்தது. பென்சிலால் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நாத்தனாருடைய குரலில் "அதனால என்ன?" என்று என்னையே கேட்டுக்கொள்வது. பதில் இருந்தால் பத்தி இருக்கும், இல்லாவிட்டால் குப்பைக்கூடை. குப்பைக்கூடை நிறைந்தது. அந்த மூன்று பெரியவர்களும் இந்தத் தடவை பெயரோடும் பக்க எண்ணோடும் வந்தார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எட்டாம் பக்கத்தில் என் முடிவு இருந்தது. சாட்சியின் பேச்சு பறிபோவது மொழிபெயர்ப்பு எடுத்துக்கொள்ளும் அந்த இடைவெளியில்தான். ஆகவே, சாட்சி இன்னும் முடிக்கவில்லை என்று கையைத் தூக்கிச் சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை வேண்டும். எழுதி முடித்த அன்று ஒரு பயமும் இல்லாமல் தூங்கினேன்.

குழு என்றால் மூன்று பேர். தலைவர், சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் நூலக அதிகாரி. ஓரத்தில் என் விரிவுரையாளர், அவர் பேசக் கூடாதாம், புகார் கொடுத்தவர் என்பதால். நீளமான மேசை, அவர்கள் மூவருக்கும் தண்ணீர் வைத்திருந்தார்கள். எனக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

தலைவர் நேராக எட்டாம் பக்கத்துக்குப் போனார். "இந்த முடிவுக்கு அடிக்குறிப்பு இல்லையே. எந்தப் புத்தகத்துல எடுத்தீங்க?"

"புத்தகம் இல்ல சார். நான் பார்த்தது."

"எங்க பார்த்தீங்க?"

"கோர்ட்ல, பார்வையாளர் பெஞ்சுல உக்காந்து. அந்தக் கணக்கு பின்னால..."

"சரி. மொழிபெயர்ப்பாளரே குறுக்க பேசினா நடுநிலை என்ன ஆகும்?"

"நடுநிலைங்கறது சார், அவங்க என்ன..."

"வக்கீல்கள் இதுக்கு ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க. ஆனா அதுக்கும் நான்..."

"ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே தாளில் எழுதினார். "அப்போ கொஞ்ச நாள் பார்த்ததை வச்சு எடுத்த முடிவு, அப்படித்தானே?"

"ஆமா, ஆனா..."

'ஆமா' என்று அவர் எழுதுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. 'ஆனா' எழுதப்படவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கோபம் போய் வேறொன்று உறைத்தது. அவர் பேசுகிற மொழியில்தான் நானும் பேசுகிறேன். எங்களுக்கு நடுவில் யாரும் நின்று கொண்டுவந்து கொடுக்கவில்லை. என் எட்டாம் பக்கம் சொல்கிற இடைவெளி இந்த மேசையில் எங்கேயும் இல்லை. அப்படியும் என் பேச்சு பறிபோகிறது.

அப்படியானால் எட்டாம் பக்கம் தப்பு.

இது வேறு யாருக்கும் தெரியவில்லை. தலைவருக்குத் தெரியவில்லை, நூலக அதிகாரி மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிவுரையாளர் கண்ணாலேயே, பொறுமையாக இருங்கள், நன்றாகத்தான் போகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து கேள்விக்கு ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டு வந்தால் பட்டம் வரும், வேலை நிலைக்கும். வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கா தெரியாது?

"சார், நான் இன்னும் முடிக்கல" என்றேன்.

தலைவர் நிமிர்ந்தார்.

"இந்தக் கட்டுரையில ஒரு தப்பு இருக்கு. எட்டாம் பக்கம். இடைவெளியாலதான் பேச்சு போகுதுன்னு எழுதியிருக்கேன். இங்க நமக்குள்ள மொழிபெயர்ப்பே இல்ல. இருந்தும் நான் சொன்ன எல்லாப் பதிலும் பாதியில நிக்குது. அப்போ காரணம் மொழி மட்டும் இல்ல. கேள்வி யார் கையில இருக்கோ, எப்ப முடியணும்னு அவங்கதான் முடிவு பண்றாங்க. மொழி தெரியாதவங்களுக்கு அது இன்னும் மோசமா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்ல முடியும். மொழி தெரிஞ்ச சாட்சிகளையும் உக்காந்து பார்த்துக் கோடு போட்டிருக்கணும். எனக்குத் தோணல. பாதியப் பார்த்துட்டு முழுசும் அதுதான்னு எழுதிட்டேன்."

விரிவுரையாளர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி எட்டாம் பக்கத்தை மறுபடி படித்தார், அவசரமில்லாமல்.

"இத நாங்க யாரும் கேக்கலையே" என்றார். "எதுக்கு நீங்களே உங்க கட்டுரைய உடைக்கறீங்க?"

"என் கட்டுரைதானே சார்."

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு, எதிரே தண்ணீர் வரும் இயந்திரம். இரண்டு குவளை குடித்தேன். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது, கணவரிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் எடுப்பேனா என்று என்னைக் கேட்டுப் பார்த்தேன், எடுக்க மாட்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் இந்தத் தடவை நான் உட்காரும் வரை பேசவில்லை.

"திருட்டுப் புகாரைத் தள்ளிட்டோம். அடுத்தவன் பொருளா இருந்தா ஒட்டுப் போட்டாவது காப்பாத்தத்தான் பார்ப்பாங்க, நீங்க உங்க கையாலயே உடைச்சீங்க. கட்டுரைக்கும் மதிப்பெண் போட்டாச்சு, தேறிட்டீங்க."

விரிவுரையாளர் வாய்விட்டு மூச்சு விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பட்டம் உண்டு, கோர்ட்டு உண்டு. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

"ஆனா நீங்க சொன்ன அந்தத் தப்புக்குக் குறைச்சிருக்கோம்" என்று தாளைத் தள்ளினார்.

பார்த்தேன். கண்ணீர் நின்றுவிட்டது. "இவ்வளவா?"

"அதிகம்ங்கறீங்களா?"

"தப்பக் கண்டுபிடிச்சதும் நான்தானே சார்."

நூலக அதிகாரி இருமினார். தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார், நாற்காலியில் சாய்ந்தார், இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்.

"சரி. எதுக்காகக் குறைக்கக் கூடாது? சொல்லுங்க. நீங்க முடிக்கற வரைக்கும் நான் வாயைத் திறக்கல."

நான் காத்திருந்தேன். என் வழக்கம் அது, முதலில் காது, பிறகுதான் வாய். யாராவது ஆரம்பிப்பார்கள், அவர்களைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஆரம்பிக்கவில்லை. இருபது வருடத்தில் யாருடைய பேச்சையும் பிடித்துக்கொள்ளாமல் ஓர் அறையில் நானாக வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.